ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஒரு மலப் பரிசோதனை

குடற்புழு என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வருவது, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் பூச்சி மாத்திரையோடு முடிந்துபோவது என்றுதான் நம்மில் பெரும்பாலோர் நினைக்கிறோம். எழுபது வயதுப் பெரியவரை ஒரு குடற்புழு ஐ.சி.யு. வரை கொண்டுபோகும் என்றால் நம்புவது கடினம். முப்பது நாற்பது வருடம் வயிற்றுக்குள் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்த புழு, மூச்சிரைப்புக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் உடம்பு முழுவதும் பரவிவிடும் என்றால் இன்னும் கடினம். நான் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வீட்டில் யாராவது ஸ்டீராய்டு, அதாவது வீக்கத்தையும் உடம்பின் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கும் மருந்து, எடுக்கிறார்கள் என்றாலோ, எடுக்கப் போகிறார்கள் என்றாலோ இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு மருத்துவமனையின் நுண்ணுயிரியல் லேப்பில் டெக்னீஷியனாகப் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். மலம், சளி, ரத்தம், சீழ் எல்லாம் எங்கள் மேஜைக்கு வரும். மலப் பரிசோதனை எங்கள் வேலையிலேயே மதிப்புக் குறைந்த ஒன்றாக நடத்தப்படுகிறது. டாக்டர்களில் பலர் எழுதுவதில்லை. எழுதினாலும் நோயாளி கூச்சப்பட்டுக்கொண்டு கொடுக்காமல் போய்விடுவார். கொடுத்தாலும் ஒரே ஒரு ஸ்லைடைப் பார்த்து 'ஒன்றும் இல்லை' என்று எழுதி அனுப்பிவிடும் லேப்கள் நிறைய. இந்த மூன்றும் சேர்ந்தால் நான் சொல்ல வரும் புழு தப்பித்துவிடும்.

அதன் பெயர் ஸ்ட்ராங்கிலாய்டஸ் ஸ்டெர்கோராலிஸ். 1876-இல் பிரான்சின் தூலோன் துறைமுக நகரில், கொச்சின்-சீனாவிலிருந்து, அதாவது இன்றைய தெற்கு வியட்நாமிலிருந்து, தீராத வயிற்றுப்போக்கோடு திரும்பிய படைவீரர்களின் மலத்தில் லூயி நோர்மான் என்ற மருத்துவர் இதை முதலில் கண்டார். வெப்பமான, ஈரமான மண், திறந்தவெளியில் மலம் கழிக்கும் பழக்கம், வெறுங்கால் நடை — இவை மூன்றும் இருக்கும் ஊர்களில் எல்லாம் இது உண்டு. உலகம் முழுக்க 60 கோடிப் பேர் வரை இருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நம் வயல்காடுகளுக்கு அந்த மூன்று நிபந்தனைகளும் நீண்டகாலம் பொருந்தின. இன்றும் பல இடங்களில் பொருந்துகின்றன.

மண்ணில் இருக்கும் இளம்புழு உள்ளங்கால் தோலைத் துளைத்து உள்ளே போகிறது. ரத்தத்தோடு நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாக மேலே ஏறி, சளியோடு விழுங்கப்பட்டு, சிறுகுடலில் வந்து தங்குகிறது. கொக்கிப்புழுவும் ஏறக்குறைய இதே வழியில்தான் வரும். ஆனால் கொக்கிப்புழுவின் முட்டை வெளியே போய் மண்ணில் விழுந்தால்தான் அடுத்த தலைமுறை. ஒருவர் வயலுக்குப் போவதை நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் கொக்கிப்புழுக்கள் சில வருடங்களில் வயதாகிச் செத்துப்போகும். ஸ்ட்ராங்கிலாய்டஸ் அப்படியில்லை. இரண்டு மில்லிமீட்டர் நீளமே உள்ள பெண்புழு, ஆண் துணையே இல்லாமல் குடலின் சவ்வுக்குள் முட்டையிடும். முட்டை குடலுக்குள்ளேயே பொரிந்துவிடும். அந்தக் குஞ்சுப் புழுக்களில் பெரும்பகுதி மலத்தோடு வெளியே போகும். சில மட்டும் உள்ளேயே வளர்ந்து, குடல் சுவரையோ ஆசனவாயைச் சுற்றியுள்ள தோலையோ துளைத்து, மறுபடி ரத்தத்துக்குள் போய், நுரையீரல் சுற்றி, குடலுக்கே திரும்பும். வெளி மண்ணே தேவையில்லை.

இது எவ்வளவு காலம் நடக்கும் என்பதற்கு இரண்டாம் உலகப்போர் சாட்சி. ஜப்பானியர்களிடம் சிறைப்பட்டு சயாம்–பர்மா ரயில்பாதை போட்ட பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் படைவீரர்களை ஊர் திரும்பிப் பல பத்தாண்டுகள் கழித்துப் பரிசோதித்தபோதும் இந்தப் புழு அவர்களுக்குள் உயிரோடு இருந்தது. அவர்களில் பிரிட்டிஷ் வீரர்கள் குளிர்நாட்டில், நல்ல கழிப்பறை உள்ள வீடுகளில், காலில் பூட்ஸோடு வாழ்ந்தவர்கள். புதிதாகத் தொற்றிக்கொள்ள வழியே கிடையாது. அதே ரயில்பாதையில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரம் தமிழர்களும் அதே சேற்றில் வெறுங்காலோடு நின்று வேலை செய்தார்கள். அந்தப் படைவீரர்களைத் தேடிப் பிடித்துப் பரிசோதித்த ஆய்வுகளைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஆட்களின் நினைவுதான் வரும்.

சரி, இனி அந்தப் பெரியவர். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எழுபதை நெருங்கிய விவசாயக் கூலித் தொழிலாளி. மூச்சிரைப்பு. ஊரில் ஒரு கடையில் சொல்லி வாங்கிய மாத்திரைகளைப் பொட்டலமாகக் கட்டி மாதக்கணக்கில் சாப்பிட்டு வந்திருக்கிறார். அதில் ஒன்று ஸ்டீராய்டு. முதலில் நல்ல சுகம்: மூச்சு இலகுவானது, பசி எடுத்தது, முகம் கொஞ்சம் உப்பியதைப் 'பூரிப்பு' என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். அப்புறம் வயிற்று வலி, வாந்தி, வயிறு உப்புசம். அதற்கும் ஏதேதோ மாத்திரை. எங்களிடம் வரும்போது காய்ச்சலும் ரத்த அழுத்தம் இறங்கும் நிலையும். ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிளெப்ஸியெல்லா என்ற பாக்டீரியா வளர்ந்தது. ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் சற்றுத் தேறினார். மறுபடி காய்ச்சல். இப்போது கல்ச்சரில் ஈ.கோலை. இரண்டுமே குடலில் குடியிருப்பவை. குடலில் இருப்பது திரும்பத் திரும்ப ரத்தத்தில் எப்படி வருகிறது என்று வார்டில் குழம்பிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் ரத்தம் கலந்த சளி வரவே, காசநோய் இருக்குமோ என்று சளி சாம்பிள் வந்தது. சாயம் போட்ட ஸ்லைடில் சுருண்டு கிடந்த ஒன்றைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம். மீதமிருந்த சளியில் ஒரு சொட்டு எடுத்து, சாயம் எதுவும் இல்லாமல் கண்ணாடித் துண்டு மூடி வைத்துப் பார்த்தேன். நெளிந்தது. ஒன்றல்ல, பார்க்கும் இடமெல்லாம். எங்கள் சீனியர் டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அங்கிருந்தே வார்டுக்குப் போன் போட்டார். அன்றே மூக்குக் குழாய் வழியாக ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தை ஆரம்பித்தார்கள். ஆனால் குடல் அசைவே நின்றுபோயிருந்தது. உள்ளே விட்ட மருந்து உடம்பில் சேர வழியில்லை. தொப்புளைச் சுற்றிக் கட்டைவிரல் ரேகை பதித்ததுபோல் செந்நிறத் தடங்கள் வந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்கள். புழுக்கள் தோல்வரை பரவிவிட்டதற்கான அடையாளம் அது. அவரைக் காப்பாற்ற முடியவில்லை. இந்த நிலைக்கு வந்தவர்களில் சிகிச்சை கொடுத்தாலும் பாதிக்கு மேல் இறந்துபோகிறார்கள்.

ரிப்போர்ட் வாங்க வந்த அவர் மகன் என்னிடம் கேட்டார்: "அப்பா கழனிக்குப் போறதை நிறுத்தி வருஷக்கணக்காச்சு மேடம். வீட்டுல கக்கூஸ் இருக்கு, தண்ணி காய்ச்சித்தான் குடிக்கிறாரு. இப்ப எப்படிப் புழு வந்துச்சு?"

புழு இப்போது வரவில்லை. எப்போதோ வந்து உள்ளேயே இருந்தது. மாறியது அவர் உடம்பின் எதிர்ப்புச் சக்திதான்.

ஆரோக்கியமாக இருக்கும் உடம்பு இந்தப் புழுவை முற்றாக ஒழிப்பதில்லை. ஓர் எல்லைக்குள் அடக்கி வைத்திருக்கிறது. புழுக்களுக்கென்றே நம் எதிர்ப்பு மண்டலத்தில் தனி ஏற்பாடு உண்டு. ஒருவகை டி செல்கள் உத்தரவு கொடுக்க, ஈசினோபில் என்ற வெள்ளையணுக்கள் பெருகிப் புழுவைச் சூழும். ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருள் கூடும். குடல் சவ்வு அதிகமாகக் கோழையைச் சுரந்து குஞ்சுப் புழுக்களை வழுக்கி வெளியே தள்ளும். உள்ளேயே வளர்ந்து மறுபடி துளைத்துப் போகும் குஞ்சுகளில் பெரும்பகுதியை இந்த ஏற்பாடு வழியிலேயே தீர்த்துக்கட்டும். தப்பிப்பவை கொஞ்சம். செத்த பெரிய புழுக்களின் இடத்தை அவை நிரப்பும், அவ்வளவுதான். இப்படி ஒரு சமநிலையில் ஆயுள் முழுக்க ஓடும். அவ்வப்போது ஒரு வயிற்று எரிச்சல், ஒரு அரிப்பு, ஒரு இருமல். பலருக்கு அதுவும் இருக்காது.

ஸ்டீராய்டு இந்த ஏற்பாட்டின் மேலேயே கை வைக்கிறது. ஈசினோபில்களை அழிக்கிறது, உத்தரவு கொடுக்கும் டி செல்களை அமுக்குகிறது. அதோடு, ஸ்டீராய்டு மருந்து புழுவின் தோலுரிப்பு ஹார்மோனைப் போலவே இருப்பதால், குஞ்சுகளை உள்ளேயே சீக்கிரம் முதிரத் தூண்டுகிறது என்றும் ஒரு கருத்து ஆராய்ச்சியாளர்களிடம் உண்டு. எப்படியானாலும் முடிவு ஒன்று: அடக்கி வைத்திருந்த எண்ணிக்கை பல மடங்காகிறது. ஆயிரக்கணக்கில் குடல் சுவரைத் துளைக்கும் புழுக்கள் தங்கள் உடம்பில் ஒட்டிய மலத்துப் பாக்டீரியாக்களையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

இதை எங்கள் லேப்பில் கண்கூடாகப் பார்க்கலாம். பாக்டீரியா வளர்வதற்கான கூழ் ஊற்றிய அகார் தட்டின் நடுவில் கொஞ்சம் மலத்தை வைத்து, மூடியை டேப் ஒட்டி, இரண்டு நாள் அறை வெப்பத்தில் வைப்போம். புழு இருந்தால், அது ஊர்ந்துபோன வழியெல்லாம் பாக்டீரியா முளைத்து வளைவு வளைவாகக் கோடு போட்டிருக்கும். அந்தப் பெரியவரின் ரத்தத்தில் கிளெப்ஸியெல்லாவும் ஈ.கோலையும் மாறி மாறி வந்ததற்கு விளக்கம் அந்தக் கோடுதான். குடலிலிருந்து ரத்தத்துக்கு, நுரையீரலுக்கு, சில சமயம் மூளை உறைக்கும் அதே கோடு. ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். இழுத்துவரும் புழு இருக்கும்வரை அடுத்த பாக்டீரியா வந்துகொண்டே இருக்கும்.

அவருடைய பழைய ரிப்போர்ட்களை மகன் ஒரு மஞ்சப்பையில் வைத்திருந்தார். மாத்திரை ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் இயல்பைவிட நன்றாகவே கூடியிருந்தது. 'இஸ்னோபீலியா' என்று சொல்லி இருமல் மருந்து கொடுத்திருக்கிறார்கள். எங்களிடம் வந்தபோது எடுத்ததிலோ ஈசினோபில் பூஜ்யம். இதைக் கவனமாகப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டு எடுக்கும் ஒருவருக்கு ஈசினோபில் குறைவாக இருந்தால் புழு இல்லை என்று அர்த்தமில்லை. அந்த அணுக்களை மருந்து அமுக்கிவைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஸ்டீராய்டுக்கு முந்தைய ரிப்போர்ட்தான் உண்மை பேசும். அதனால்தான் பழைய ரிப்போர்ட்களைத் தூக்கிப்போடாதீர்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு. நுரையீரல் வழியாகப் புழு போய்வரும்போது மூச்சிரைப்பு வரலாம். ஆஸ்துமா என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுக்க, குறைவதற்குப் பதில் கூடினால், புழுவைச் சந்தேகிக்க அதுவே ஒரு காரணம்.

எத்தனை நாள் எடுத்தால் ஆபத்து என்று கேட்பார்கள். பல மாதம் எடுத்தவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் குறுகிய காலம் எடுத்தவர்களிலும் நடந்திருக்கிறது என்று மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. இத்தனை நாள்வரை பயமில்லை என்று கோடு கிழிக்க முடியாது. இன்ஹேலரில் இழுக்கும் ஸ்டீராய்டின் அளவு மிகக் குறைவு. இதைப் படித்துவிட்டு யாரும் இன்ஹேலரை நிறுத்த வேண்டாம். மாத்திரையாகவும் ஊசியாகவும் போவதைத்தான் சொல்கிறேன். அதையும் திடீரென்று நீங்களாக நிறுத்தக் கூடாது. பல நாள் எடுத்தவர் சட்டென நிறுத்தினால் அதுவே உயிருக்கு ஆபத்து.

கொரோனா காலத்தில் எனக்கு இதுதான் பெரிய கவலையாக இருந்தது. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு, ஆக்ஸிஜன் தேவைப்படும் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு உயிர் காக்கும் என்று காட்டியது. நாளுக்கு 6 மி.கி., பத்து நாள்வரை. அது உண்மையிலேயே பல உயிர்களைக் காத்த மருந்து. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் அத்தனை பேருக்கு ஸ்டீராய்டு போனபோது, புழு உள்ள நாடுகளில் என்ன ஆகும் என்று அப்போதே சில மருத்துவர்கள் எச்சரித்தார்கள். கொரோனாவுக்கு ஐவர்மெக்டின் வேலை செய்கிறதா இல்லையா என்று பெரிய சண்டை நடந்ததே, அதிலும் இந்தப் புழுவுக்கு ஒரு பங்கு இருந்திருக்கலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2022-இல் வந்த ஓர் அலசல், ஐவர்மெக்டினால் இறப்பு குறைந்ததாகத் தெரிந்த ஆய்வுகள் ஸ்ட்ராங்கிலாய்டஸ் அதிகமுள்ள நாடுகளில் நடந்தவை என்று சுட்டிக்காட்டியது. மருந்து வைரஸை விட்டுவிட்டு, ஸ்டீராய்டால் பெருக இருந்த புழுவைத் தடுத்திருக்கலாம் என்பது அவர்கள் விளக்கம். எங்கள் மேஜையில் பார்த்ததை வைத்துச் சொன்னால், எனக்கு அது நம்பக்கூடியதாகவே படுகிறது.

எதிர்ப்புச் சக்தி குறைந்த எல்லோருக்கும் ஒரே மாதிரி நடக்கும் என்று நினைத்துவிடவும் கூடாது. எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு இந்தப் புழு வெறித்தனமாகப் பரவும் என்று முதலில் எதிர்பார்த்தார்கள். எய்ட்ஸைக் காட்டும் நோய்களின் பட்டியலிலும் சேர்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பின்னால் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஆனால் எச்.டி.எல்.வி-1 என்ற, எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸ் இருப்பவர்களிடம் புழு அடங்குவதே இல்லை, மருந்துக்கும் சரியாகக் கேட்பதில்லை. அந்த வைரஸ் டி செல்களை வேறு பக்கம் திருப்பிவிடுவதால், புழுவுக்கான ஈசினோபிலும் ஐ.ஜி.இ.-யும் எழும்புவதில்லை. ஜப்பானின் ஒகினாவா, கரீபியத் தீவுகள், மத்திய ஆஸ்திரேலியாவின் பூர்வகுடிகள் நடுவே புழுவும் இந்த வைரஸும் சேர்ந்தே காணப்படுகின்றன. ஆக, எதிர்ப்புச் சக்தி எவ்வளவு குறைந்தது என்பதைவிட, அதில் எந்தப் பகுதி குறைந்தது என்பதுதான் கேள்வி.

எதிர்ப்புச் சக்தி எகிறினாலும் தொல்லைதான். யானைக்கால் புழு உள்ள ஊர்களில் பலர் ரத்தத்தில் குட்டிப் புழுக்களோடு எந்த நோயும் தெரியாமல் திரிவார்கள். சிலருக்கு மட்டும் உடம்பு அளவுக்கு மீறி எதிர்த்து, குட்டிப் புழுக்களையெல்லாம் நுரையீரலில் பிடித்து அழிக்கப் பார்க்கும். ரத்தத்தில் ஒரு புழுகூடத் தெரியாது. ஆனால் இரவெல்லாம் இருமலும் மூச்சிரைப்பும், ஈசினோபில் மூவாயிரத்துக்கு மேலும் இருக்கும். நம் பக்கத்தில் முன்பு நிறைய இருந்த நோய் இது. மூளையில் நாடாப்புழுவின் கட்டி உள்ளவர்களுக்கும் அப்படித்தான். கட்டி உயிரோடு இருக்கும்வரை வருடக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். அது சாகத் தொடங்கி உடம்பு அதைத் தாக்கும்போதுதான் வலிப்பு வருகிறது. அந்த வீக்கத்தை அடக்கத்தான் புழு மருந்தோடு ஸ்டீராய்டும் கொடுக்கிறார்கள். அப்படி ஸ்டீராய்டு கொடுக்கும்போது குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். ஒரு புழுவுக்காகக் கொடுத்த மருந்து இன்னொரு புழுவை அவிழ்த்துவிடக் கூடாது.

என் சித்திக்கு முடக்குவாதம் என்று தெரிந்தபோது எனக்கு முதலில் தோன்றியது அவர் கால்கள்தான். கல்யாணமான நாளிலிருந்து நாற்று நட்ட கால்கள், மழைக்காலம் வந்தால் சேற்றுப்புண்ணோடே இருக்கும். டாக்டர் ஸ்டீராய்டு எழுதப் போகிறார் என்றதும் கூடவே போனேன். "இவங்க பல வருஷம் வெறுங்காலோட கழனி வேலை பார்த்தவங்க சார், ஸ்ட்ராங்கிலாய்டஸ் பார்த்துட்டு ஆரம்பிக்கலாமா?" என்று கேட்டேன். அவர் உடனே சம்மதித்தார். சில நாள் தள்ளிப்போட்டால் ஒன்றும் கெட்டுவிடாது, அதுவரை வலிக்கு வேறு மருந்து தருகிறேன் என்றார். கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்று பலர் தயங்குகிறார்கள். நான் பார்த்தவரை, காரணத்தோடு கேட்டால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

சித்திதான் சம்மதிக்கவில்லை. "பூச்சி மாத்திரை எல்லாம் சின்னப் பசங்களுக்குத்தானே பாப்பா? எனக்கு என்னா வயித்து வலியா?" பேச்சுக் கொடுத்ததில்தான் தெரிந்தது, தொடையிலும் பின்பக்கத்திலும் அவ்வப்போது ஒரு தடிப்பு வருமாம். கோடு மாதிரி நீளும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடம் மாறும், ஒன்றிரண்டு நாளில் காணாமல் போகும். காணாக்கடி என்று எண்ணி வேப்பிலை அரைத்துப் பூசிக்கொண்டிருந்தார். அது இந்தப் புழுவின் கையெழுத்து. தோலுக்கடியில் ஊரும் குஞ்சு, மணிக்கு ஐந்து, பத்து சென்டிமீட்டர்கூட நகரும். தோலில் ஊரும் மற்றப் புழுக்குஞ்சுகள் இவ்வளவு வேகமாக ஓடாது. இப்படி ஓடும் தடிப்பு உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இருந்தால், போனில் படம் எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அது மறைந்திருக்கும்.

முதல் சாம்பிளில் ஸ்லைடில் எதுவும் இல்லை. அடுத்ததை அகார் தட்டில் போட்டோம்; கோடு விழுந்திருந்தது. ஐவர்மெக்டின் கொடுத்து, மலத்தில் புழு இல்லை என்று பார்த்த பிறகு முடக்குவாத மருந்தை ஆரம்பித்தார்கள். இப்போது நன்றாக இருக்கிறார். செருப்புப் போடாமல் கழனியில் இறங்குவதை மட்டும் இன்னும் முழுதாக விடவில்லை. சேற்றில் செருப்போடு நாற்று நட முடியாது என்பது அவர் வாதம், அதில் நியாயமும் இருக்கிறது. வரப்பிலும் கொல்லைப்புறத்திலும் போட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.

மாத்திரை பற்றி ஒரு தெளிவு வேண்டும். பிப்ரவரி 10-ஆம் தேதி தேசியக் குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயதுவரை கொடுப்பது அல்பெண்டசோல். 2015-இலிருந்து நடக்கும் மிக நல்ல திட்டம். உருண்டைப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் ஏற்றது. ஆனால் ஒரே ஒரு 400 மி.கி. அல்பெண்டசோல் ஸ்ட்ராங்கிலாய்டஸுக்குப் போதாது. 'வருஷா வருஷம் பூச்சி மாத்திரை போடுகிறேன்' என்பது இந்தப் புழு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதற்கு முதல் மருந்து ஐவர்மெக்டின், உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். 60 கிலோ இருப்பவருக்கு 12 மி.கி. எத்தனை வேளை என்பதை நோயின் நிலை பார்த்து டாக்டர் சொல்வார். சாதாரணத் தொற்றுக்கு ஒன்றிரண்டு நாளில் முடியும். புழு உடம்பெங்கும் பரவியவருக்கு, சளியும் மலமும் இரண்டு வாரம் சுத்தமாக இருக்கும்வரை தினமும் கொடுக்க வேண்டிவரும். கர்ப்பிணிகளும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளும் தாங்களாகவே எடுக்கக் கூடாது. ஜப்பானில் ஒரு கோல்ஃப் மைதானத்துக்குப் பக்கத்து மண்ணில் சதோஷி ஓமுரா கண்டெடுத்த நுண்ணுயிரிலிருந்து பிறந்த மருந்து இது. 2015 நோபல் பரிசு வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் அவருக்கும் இதற்காகத்தான். 2024-இல் உலக சுகாதார நிறுவனம், பள்ளிவயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு 5 பேருக்கோ அதற்கு மேலோ இந்தத் தொற்று உள்ள பகுதிகளில் 5 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஐவர்மெக்டின் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. நம் மாவட்டங்களில் அளந்து பார்த்து இதையும் ஆரம்பிக்க வேண்டும் என்பது என் ஆசை.

யார் கேட்க வேண்டும்? மண்ணில் வெறுங்காலோடு வேலை செய்தவர்கள், சிறுவயதில் மலம் கழிக்கத் திறந்தவெளிக்குப் போய் வளர்ந்தவர்கள். இப்போது சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்தாலும் சேர்த்திதான். அவர்களுக்குச் சிறுநீரக நோய், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்), பெம்ஃபிகஸ் (தோலில் கொப்புளம் வரும் நோய்), தொழுநோய் எதிர்வினை, மூளைக் காசநோய், ரத்தப் புற்றுநோய் எதற்காகவும் ஸ்டீராய்டு தொடங்கும் முன். உறுப்பு மாற்று சிகிச்சை என்றால் பெறுபவருக்கும் கொடுப்பவருக்கும். கொடுப்பவரின் உறுப்போடு புழு போன சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. அவசரமாக ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டிய நிலையில் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்கச் சொல்லக் கூடாது. சாம்பிளை எடுத்து வைத்துவிட்டு, ஸ்டீராய்டோடு ஐவர்மெக்டினையும் சேர்த்தே கொடுக்கும் வழி டாக்டர்களுக்குத் தெரியும். கடையில் சொல்லி வாங்கும் மூட்டுவலி, மூச்சிரைப்புப் பொட்டலங்களை மட்டும் தயவுசெய்து புதிதாக ஆரம்பிக்காதீர்கள். ஏற்கெனவே மாதக்கணக்கில் எடுத்திருந்தால் பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். அவர் படிப்படியாகக் குறைப்பார்.

சாம்பிள் கொடுக்கும் விதத்தில் பாதி வெற்றி இருக்கிறது. வாயகன்ற சுத்தமான டப்பாவில், சிறுநீரும் தண்ணீரும் படாமல், நெல்லிக்காய் அளவு போதும். எடுத்த ஓரிரு மணி நேரத்துக்குள் லேப்புக்கு வந்துவிட வேண்டும். நேரம் கடந்தால் கொக்கிப்புழு முட்டை பொரிந்து, அதன் குஞ்சும் இதன் குஞ்சும் ஒன்றுபோலத் தெரியும். பிரிட்ஜில் வைக்கவே கூடாது. குளிரில் குஞ்சு செத்துப்போனால் அகார் தட்டில் எதுவும் ஊராது. ஒரு முறை பார்த்து இல்லை என்றால் நம்பாதீர்கள், ஒரே சாம்பிளில் பாதிக்கு மேல் தவறிவிடும். வெவ்வேறு நாளில் குறைந்தது மூன்று சாம்பிளாவது கொடுங்கள். ரத்தத்தில் பார்க்கும் எதிர்ப்பொருள் சோதனை சில பெரிய லேப்களில் கிடைக்கும். அது ஸ்லைடைவிட நன்றாகக் கண்டுபிடிக்கும். ஆனால் யானைக்கால் புழு இருந்தாலும் பாசிட்டிவ் காட்டலாம். ஏற்கெனவே எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு, புழு இருந்தும் நெகட்டிவ் வரலாம்.

கடைசியாக, லேப் சீட்டில் வெறுமனே 'மலப் பரிசோதனை' என்று மட்டும் இருந்தால், டாக்டரிடம் சொல்லி, 'ஸ்டீராய்டு தொடங்க உள்ளது, ஸ்ட்ராங்கிலாய்டஸ் பார்க்கவும்' என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்த வரி இருந்தால் நாங்கள் ஒரு ஸ்லைடோடு நிறுத்த மாட்டோம். செறிவாக்கியும் பார்ப்போம், அகார் தட்டும் போடுவோம். இல்லாவிட்டால் அன்று வரும் எல்லா சாம்பிள்களோடும் அதுவும் ஒன்றாகப் போய்விடும்.